பொங்கலுக்குப் பத்து நாள், கோயம்பேட்டில் என்ன வாங்கலாம்? கேள்வி பதில்

திருவல்லிக்கேணியில் நானும் என் வீட்டுக்காரரும் பதினெட்டு வருடம் ஒரு சின்ன சைவ மெஸ் நடத்தினோம். காய் வாங்குவது என் பொறுப்பு. வாரத்தில் நான்கு நாள் விடியற்காலையில் கோயம்பேட்டில் நிற்பேன். மெஸ்ஸை மூடிவிட்டோம், சந்தைக்குப் போகிற பழக்கம் மட்டும் போகவில்லை. மார்கழிக் கடைசியும் தையும்தான் சந்தை பார்க்க நல்ல காலம். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

பிரியா, வேளச்சேரி: அக்கா, கோயம்பேட்டுக்கு முதல் தடவையாகப் போகிறேன். எத்தனை மணிக்குப் போனால் சரியாக இருக்கும்?

வீட்டுக்கு வாங்க என்றால் காலை 6 முதல் 8 மணி. ராத்திரியே லாரிகள் வந்துவிடும், கடைக்காரர்கள் மூட்டை மூட்டையாக எடுப்பதெல்லாம் விடிவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடும். அந்த நேரத்தில் வழியில் நின்று வேடிக்கை பார்த்தால் தலையில் மூட்டையோடு வருகிறவர் "ஓரம், ஓரம்" என்று இடித்துக்கொண்டுதான் போவார். அவர் மேல் தப்பில்லை. மெட்ரோ 5 மணிக்கே ஓடுகிறது, கோயம்பேடு நிலையத்தில் இறங்கினால் போதும், காரை எடுத்துப் போய் நிறுத்த இடம் தேடி அல்லாட வேண்டாம்.

இன்னொன்று, இடம் ரொம்பப் பெரியது. 1996-ல் கொத்தவால் சாவடியிலிருந்து இங்கே மாற்றியபோதே கிட்டத்தட்ட 295 ஏக்கர் ஒதுக்கினார்கள். காய்க்குத் தனி, பழத்துக்குத் தனி, பூவுக்குத் தனி. முதல் தடவை காய்கறிப் பக்கம் மட்டும் போங்கள். ஒரு சுற்று எதுவும் வாங்காமல் நடந்து பாருங்கள். பழைய செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். தரையெல்லாம் முட்டைக்கோஸ் இலை மிதிபட்டு வழுக்கும்.

கார்த்திக், அம்பத்தூர்: வீட்டில் நாங்கள் இரண்டே பேர். மொத்தச் சந்தையில் வாங்குவது எங்களுக்குக் கட்டுப்படியாகுமா?

உண்மையைச் சொன்னால், தனியாகப் போனால் ஆகாது. கமிஷன் மண்டியில் மூட்டை, பெட்டி என்றுதான் பேச்சு. அங்கே போய் அரைக் கிலோ பீன்ஸ் கேட்டால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். சின்னக் கடைகளில் கிலோக் கணக்கில் கொடுப்பார்கள், ஆனால் மிச்சமாகிற காசு போக்குவரத்துக்குச் சரியாகப் போய்விடும். அடுக்குமாடியில் மூன்று நான்கு வீடு சேர்ந்து, ஒரு பெட்டி தக்காளி, பத்துக் கிலோ வெங்காயம், கொஞ்சம் கிழங்கு என்று வாங்கிப் பிரித்துக்கொண்டால் லாபம் உண்டு. இல்லையென்றால் மாதம் ஒரு முறை, பருவக் காய்க்காக மட்டும் போய் வாருங்கள். மற்ற நாளுக்குத் தெருமுனைக் கடையே போதும்.

சுதா, நங்கநல்லூர்: நான் லிஸ்ட் எழுதிக்கொண்டு போவேன். ஆனால் லிஸ்டில் இருப்பதெல்லாம் விலை ஏறியிருக்கும், இல்லையென்றால் முற்றியிருக்கும். பேரம் பேசவும் வரவில்லை.

லிஸ்டைக் கிழித்துப் போடுங்கள். அதுதான் பிரச்சினை. "சனிக்கிழமை முருங்கைக்காய் சாம்பார்" என்று வீட்டில் முடிவு செய்துவிட்டு மார்கழியில் சந்தைக்குப் போனால் கடைக்காரர் சொல்வதுதான் விலை. மழையிலும் பனியிலும் முருங்கைப் பூ உதிர்ந்துவிடும், நம் பக்கத்துக் காய் குறைந்து வடக்கேயிருந்து வரவழைக்கிறார்கள். சில வருடம் இந்த மாதங்களில் கிலோ 300 ரூபாயைத் தாண்டியிருக்கிறது. அதே முருங்கைக்காய் வெயில் காலத்தில் கேட்பாரில்லாமல் கிடக்கும். இப்போதைக்கு சாம்பாரில் முள்ளங்கி போடுங்கள், நூக்கல் போடுங்கள், பரங்கிக்காய் போடுங்கள். மூன்றும் இந்தக் குளிருக்கு இளசாக, இனிப்பாக வருகிறது.

பேரத்தைவிட ஒரு கேள்வி நன்றாக வேலை செய்யும். "அண்ணே, இன்னைக்கு எது நல்லா வந்திருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். எந்தக் காய் மூன்று கடையில் அடுத்தடுத்துக் குவிந்து கிடக்கிறதோ அதுதான் அன்றைய சமையல். மெஸ்ஸில் மெனுவை நான் எழுதியதே இல்லை, காய் வந்து இறங்கிய பிறகு என் வீட்டுக்காரர் பலகையில் எழுதுவார்.

ரமேஷ், பெரம்பூர்: சின்ன வெங்காயம் ஐந்து கிலோ வாங்கினேன், ஒரே வாரத்தில் பாதி அழுகிவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றாமலும் இருந்திருக்கலாம். மழையில் நனைந்த சரக்கு மேலே காய்ந்து பளபளவென்று இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். நானே ஒரு ஐப்பசியில் இரண்டு மூட்டை எடுத்து, மெஸ் வாசலில் கொட்டிய பிறகுதான் நாற்றம் தெரிந்து தலையில் கை வைத்தேன். அன்றிலிருந்து மூட்டை என்றால் முழங்கை வரை கையை உள்ளே விட்டுப் பார்ப்பேன். கை சில்லென்று இருந்தால், வெளியே எடுத்ததும் விரலில் பிசுக்கு இருந்தால், வேண்டாம். சில்லறையில் வாங்கும்போது காம்புப் பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், அமுங்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்து முறத்தில் பரப்பிவிடுங்கள்.

லாவண்யா, போரூர்: என் மாமியார் ஊர் அம்பாசமுத்திரம். பொங்கலுக்குச் சிறுகிழங்கு இல்லாவிட்டால் பொங்கலே இல்லை என்கிறார். சென்னையில் கிடைக்குமா? தோல் எடுக்கத்தான் பயம்.

அப்படிச் சொல்லுங்கள், நானும் அந்தப் பக்கம்தான்! கிடைக்கும். மார்கழி பாதியிலிருந்து மாசி வரை வரும். மயிலாப்பூர் மாட வீதிகளிலும் பார்த்திருக்கிறேன். மண் ஒட்டியபடி இருப்பதையே வாங்குங்கள், கழுவி விற்பது சீக்கிரம் கெடும். ரொம்பப் பொடியாக வேண்டாம், தோலெடுத்ததும் ஒன்றும் மிஞ்சாது.

கத்தியால் ஒவ்வொன்றாகச் சீவ உட்கார்ந்தால் அரை நாள் போய்விடும், விரலெல்லாம் கறுத்துவிடும். அரை மணி நேரம் தண்ணீரில் ஊறப் போடுங்கள். மண் கரைந்ததும் தண்ணீரை இரண்டு முறை மாற்றி, கிழங்கை ஒரு பழைய சணல் சாக்கில் போட்டு வாயைக் கட்டி, சிமெண்டுத் தரையில் மெதுவாக அடியுங்கள். அடித்து, உருட்டி, தேய்க்க வேண்டும். சாக்கின் முரடு தோலை உரித்துவிடும். பத்து நிமிடத்தில் முக்கால்வாசி போய்விடும், மிச்சத்தைக் கத்தியால் சுரண்டிக்கொள்ளலாம். கையில் முன்னமே கொஞ்சம் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

உப்பும் மஞ்சளும் போட்டு வேகவையுங்கள், குழையக் கூடாது. தேங்காய், சீரகம், இரண்டு மிளகாய் வற்றல், நான்கு சின்ன வெங்காயம், கொரகொரப்பாக ஒரு சுற்று. கடுகு, கறிவேப்பிலை தாளித்து, கிழங்கைப் போட்டு, அரைத்ததைச் சேர்த்துச் சுருளக் கிளறுங்கள். தேங்காயெண்ணெய் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள், மாமியார் கண்டுபிடித்துவிடுவார்.

முருகன், ஆவடி: ரசத்துக்கு எந்தத் தக்காளி? கடையில் நாடு, நவீன் என்று இரண்டு விலை சொல்கிறார்கள்.

ரசத்துக்கு நாடு. தோல் மெல்லிசு, சாறும் புளிப்பும் அதிகம், ஆனால் மூன்று நாளைக்கு மேல் தாங்காது. நவீன் கெட்டியாக இருக்கும், ஒரு வாரம் நிற்கும், தொக்குக்கும் குருமாவுக்கும் சரி. இரண்டுமே ஆந்திராவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும்தான் பெரும்பாலும் வருகிறது. மதனப்பள்ளியிலும் கோலாரிலும் மழை கொட்டினால் இங்கே விலை ஏறும். அந்த வாரம் புளி ரசம் வையுங்கள்.

ஷாலினி, அண்ணா நகர்: உரித்த பச்சைப் பட்டாணி பாக்கெட்டில் வருகிறதே, வாங்கலாமா? மொச்சையும் உரித்ததாகவே விற்கிறார்கள்.

இந்த மாதத்தில் தோலோடு பட்டாணி மலிவாகக் கிடைக்கும்போது பாக்கெட் எதற்கு? காய்ந்த பட்டாணியை ஊறவைத்துச் சாயம் ஏற்றிப் புதிது என்று விற்பதும் உண்டு. சந்தேகம் என்றால் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு வையுங்கள், தண்ணீர் பச்சையானால் சாயம்.

மொச்சையும் தோலோடு வாங்குங்கள். ஒரு கிலோவில் பாதி தேறினால் பெரிது, அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் டி.வி. முன்னால் எல்லோரும் உட்கார்ந்து உரித்து, ராத்திரி தண்ணீரில் போட்டுவிடுங்கள். காலையில் ஒவ்வொன்றாக விரலுக்கிடையில் பிதுக்கினால் பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். வேலூர்ப் பக்கம் இந்தப் பிதுக்குப் பருப்பில் வைக்கிற குழம்புக்கு இட்லி எத்தனை போனாலும் கணக்குத் தெரியாது.

ஜான், ராயபுரம்: காசிமேடு பற்றியும் சொல்லுங்களேன். எப்போது போனால் நல்ல மீன் கிடைக்கும்?

நான் சைவ மெஸ்காரி தம்பி, ராயபுரத்துக்காரருக்கு மீன் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஒன்று மட்டும் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது நாட்டுப்படகு மீன்தான், விலையும் எகிறும். மற்றதை யாராவது மீன் தெரிந்தவர் சொல்லட்டும்.

கவிதா, மதுரை: எங்கள் ஊருக்கும் ஏதாவது சொல்லுங்கள் அக்கா.

உங்களுக்கு என்ன குறை? தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையே உங்கள் அண்ணா நகரில்தான் 1999 நவம்பர் 14 அன்று திறந்தார்கள். விளைவித்தவரே விற்கிறார், விலையும் பலகையில் எழுதியிருக்கும். காலை 7 மணிக்குள் போய்விடுங்கள், அப்புறம் கீரை வாடிவிடும். பனங்கிழங்கு வந்திருந்தால் நான்கு கட்டு எடுங்கள். மஞ்சளும் உப்பும் போட்டுக் குக்கரில் வேகவைத்து, தும்பை உரித்து, நடுக்குருத்தை எடுத்துவிட்டுச் சாப்பிட வேண்டியதுதான்.

மீனாட்சி, மேற்கு மாம்பலம்: மாவடு எப்போது வரும்? போன வருடம் போட்டது பூத்துப் போய்விட்டது.

மாசி பிறக்கட்டும். அவசரப்பட்டு முதலில் வருவதை வாங்காதீர்கள், பங்குனிக்குள் விலை இறங்கிவிடும். காம்பு கொஞ்சம் ஒட்டியிருப்பதாகப் பொறுக்குங்கள், காம்பு முழுக்கப் போன வடு அந்த இடத்திலிருந்துதான் அழுகும். கழுவி, நிழலில் துணி மேல் ஈரம் சுத்தமாகப் போகும்வரை உலர்த்துங்கள். உங்களுக்குப் பூத்ததற்கு ஈரமோ உப்புக் குறைவோதான் காரணம். ஒரு கிலோவுக்கு 200 கிராம் கல்லுப்பு போடுங்கள், குறைக்காதீர்கள். முதலில் இரண்டு ஸ்பூன் விளக்கெண்ணெய் புரட்டி, வடு ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு. தினம் ஜாடியைக் குலுக்கிவிடுங்கள். மூன்று நான்கு நாளில் தோல் சுருங்கித் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீரிலேயே வற்றல், கடுகு, மஞ்சள் அரைத்துக் கலக்குங்கள். பச்சைத் தண்ணீர் ஒரு சொட்டு கூடாது.

லாவண்யா, போரூர் (மறுபடியும்): அக்கா, நேற்றே கிழங்கு வாங்கி, சாக்கில் போட்டு மொட்டை மாடியில் அடித்தேன். கீழ் வீட்டுக்காரர் பதறி ஏறி வந்துவிட்டார்! தோலும் இன்னும் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அடித்தது போதும், இனி தேய்ப்பதுதான். சாக்கை நனைத்துவிட்டு, துணி துவைக்கிற மாதிரி இரண்டு கையாலும் கசக்குங்கள். அப்படியும் போகாத தோலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், எங்கள் ஆச்சி கொஞ்சம் விட்டுவிடுவார், வாசனை அதில்தான் இருக்கிறது என்பார். கீழ் வீட்டுக்காரருக்கு ஒரு கிண்ணம் கொடுத்துவிடுங்கள்.