உடன் வேலை பார்ப்பவர் கை தவறி என் உடையைப் பாழாக்கிவிட்டார். கோபத்தை எப்படி அடக்குவது?

புது வெள்ளைக் குர்தா, மதியச் சாப்பாட்டு நேரம், பக்கத்து சீட் தோழியின் கை பட்டு மடியில் சாம்பார். அவர் பத்து முறை சாரி சொல்லிவிட்டார். நீங்களும் சிரித்துக்கொண்டே "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டீர்கள். ஆனால் மூன்று நாளாகியும் அவரைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. கேள்வியிலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான். மூச்சை இழுத்து விடுங்கள், பத்து வரை எண்ணுங்கள் என்று நிறையப் பேர் சொல்வார்கள். செய்து பாருங்கள், தப்பில்லை. எனக்கு அது ஒருநாளும் பலித்ததில்லை. நான் எண்ணினால் எண்ணிக்கைதான் ஏறும், கோபம் இறங்காது.

ஏழெட்டு வருடம் முன்பு நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் ஆபீஸ் வேலையில் இருந்தேன். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சை இலையின் எடையைப் பாஸ்புக்கில் ஏற்றுவது, ஆட்களின் நாள் கணக்கு பார்ப்பது, மாதக் கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி முடிப்பது. அங்கே இலை அரைக்கும் ரோலிங் பக்கம் ஒரு அக்கா இருந்தார். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். எனக்கு வேலை பிடிபடாத முதல் மாதத்தில் தினமும் என் டப்பாவைத் திறந்து பார்த்து, "இதென்ன கண்ணு, வெறும் தயிர்ச்சோறு" என்று தன் குழம்பில் பாதியை ஊற்றுவார். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அடுத்து நான் சொல்லப்போவதில் நான்தான் மோசமானவள்.

என் கதையில் பாழான உடை ஒரு ஸ்வெட்டர். கடையில் வாங்கியதல்ல, நானே பின்னியது. ஜூனில் மழை பிடித்த வாரம் ஆரம்பித்து, அந்த மழை ஓய்ந்து ஐப்பசி மழையும் வந்து, தீபாவளிக்கு முதல் நாள் பொத்தான் வைத்தேன். ஒன்பது பந்து நூல், அசல் கம்பளி. இடது கையை மட்டும் இரண்டு தடவை பிரித்துப் பின்னினேன். க்ரீம் கலர். "டீ ஃபேக்டரிக்குப் போறவ க்ரீம் கலர்லயா போடுவா?" என்று அண்ணி அப்போதே கேட்டாள். கேட்டது நியாயம்தான். ஆனால் அதை இங்கே யாரும் வந்து திரும்பச் சொல்ல வேண்டாம்.

ஜனவரி மாதம், உறைபனிக் காலம். காலையில் புல்லெல்லாம் உப்புத் தூவினாற்போல் கிடக்கும். கொழுந்து கருகிவிடுவதால் இலை வரத்தும் குறைவு. வேலை இல்லாத நேரத்தில் இலையை உலர்த்தும் டிரையர் பக்கம் போய் நின்று கை காய்ச்சுவது எங்கள் வழக்கம். அன்று அப்படி நின்றபோதுதான் அக்கா, இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி மெஷினில் அரைபட்டு வந்த இலையை டிரே நிறைய அள்ளிக்கொண்டு திரும்பினார். நான் பின்னால் நிற்பது அவருக்குத் தெரியாது. தோளிலிருந்து இடுப்பு வரை என் மேல் கொட்டியது. ஈரமாக, சில்லென்று, கொத்தமல்லித் துவையலை வழித்துப் பூசினமாதிரி.

பச்சையாக இருந்தபோதே ஓடிப்போய்க் கழுவியிருந்தால் பாதியாவது போயிருக்கும். நானோ "பரவாயில்லைக்கா, பரவாயில்லைக்கா" என்று அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டு நின்றேன். தேயிலைச் சாறு காத்திருக்காது. இலை நசுங்கிச் சாறு காற்றில் பட்டவுடன் அதிலிருக்கும் நொதி தன் வேலையை ஆரம்பித்துவிடும். நாங்கள் புளிக்க வைப்பது என்போம். உண்மையில் புளிப்பு ஒன்றும் இல்லை, ஆப்பிளை நறுக்கி வைத்தால் கறுக்கிறதே, அதேதான். ஃபேக்டரியில் அரைத்த இலையைப் பரப்பி வைத்து, ஒரு மணி நேரம் போல விட்டு, பச்சை போய்ச் செம்பு நிறம் வந்ததும் டிரையருக்கு அனுப்புவார்கள். என் ஸ்வெட்டரிலும் அதே வேலை நடந்தது. நல்ல செம்பு நிறம். தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் பார்த்திருந்தால் பாராட்டியிருப்பார்.

இதுவரை எனக்குக் கோபமே இல்லை. இதை நம்புங்கள். கறைதானே, ஏதாவது செய்துகொள்ளலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. "கழட்டிக் குடு கண்ணு, நான் துவைச்சுத் தரேன்" என்று பிடுங்காத குறையாக வாங்கிப் போனார். மறுநாள் காலை பின்பக்கக் குழாயடிக்குக் கூப்பிட்டார். முகமே சரியில்லை. பக்கெட்டில் ஸ்வெட்டர் ஊறிக்கொண்டிருந்தது. தரை கழுவ வைத்திருந்த பிளீச்சிங் பவுடரில் இரண்டு கை அள்ளிப்போட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்திருக்கிறார். வீட்டுக்காரர் வேட்டிக்கு அப்படித்தான் செய்வாராம், பளிச்சென்று ஆகுமாம்.

வேட்டிக்கு ஆகும், அது பருத்தி. கம்பளி என்பது ஆட்டு முடி. நம் தலைமுடி, நகம் எல்லாம் எந்தப் புரதமோ அதே வகை. குளோரின் அதைத் தின்றுவிடும். இது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். பக்கெட்டில் கை விட்டுத் தூக்கினேன். மஞ்சளடித்து, மீன் செதிலைத் தொட்டதுபோல வழுவழுவென்று இருந்தது. இரண்டு தடவை பிரித்துப் பின்னிய அந்த இடது கைக்குள் என் விரல் சுலபமாகப் போய் மறுபக்கம் வந்தது.

எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. அந்தக் குழாயிலேயே கையைக் கழுவினேன். கோபத்துக்கு ஒரு வைத்தியம் வேண்டுமென்றால் இதைச் சொல்லலாம்: ஜனவரி மாதத்துக் கோத்தகிரிக் குழாய்த் தண்ணீரில் இரண்டு நிமிடம் கையை வைத்தால் கோபம் என்ன, கை இருக்கிறதா என்பதே தெரியாது. கை விறைத்ததும் நிமிர்ந்து, மறுபடியும் அதே வார்த்தையைச் சொன்னேன். "பரவாயில்லைக்கா."

பார்த்தவர்கள் எல்லோரும் பொறுமைசாலி என்றார்கள். அன்று மத்தியானமே ஒரு பெரியவரின் பாஸ்புக்கில் 41 கிலோவை 14 என்று எழுதி அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதற்கடுத்த வாரத்திலிருந்து மத்தியானம் மேசையிலேயே சாப்பிட ஆரம்பித்தேன். அப்புறம் 'அக்கா'வை எடுத்துவிட்டேன். பேச வேண்டியதைப் பேசுவேன், மரியாதையாகத்தான் பேசுவேன், ஆனால் அக்கா என்று கூப்பிடமாட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கேட்பவருக்குத் தெரியும்.

இதற்கு மேல் ஒன்று செய்தேன். மார்ச்சில் அவருடைய அட்வான்ஸ் சீட்டு என் மேசைக்கு வந்தது. நாள் கணக்கைச் சரிபார்த்து மேனேஜர் கையெழுத்துக்கு அனுப்ப வேண்டும், ஐந்து நிமிட வேலை. இரண்டு நாள் அதை பேப்பர் வெயிட்டுக்கு அடியில் வைத்திருந்தேன். மறந்து போய் அல்ல.

ஒரு ஸ்வெட்டருக்கா இவ்வளவு என்று கேட்பீர்கள். தினக்கூலிக்கு நிற்கிற அம்மாவிடமா உன் வீம்பு என்றும் கேட்பீர்கள். கேளுங்கள், நானே கேட்டுக்கொண்டதுதான். நான் நல்லவள் என்று காட்ட இதை எழுதவில்லை. ஆனால் ஒன்று, ஆண்கள் ஒரு பைக்கில் கீறல் விழுந்தால் தெருவையே கூட்டுகிறார்கள், அதற்கு யாரும் 'ஒரு கீறலுக்கா' என்று கேட்பதில்லை. ஐந்து மாதம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு பின்னினால் அது மட்டும் 'ஒரு ஸ்வெட்டர்'.

மே மாதம் ஒரு சாயங்காலம், பஸ்ஸில் வேறு இடமில்லாமல் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோடை சீசனில் எங்கள் ரோடு எப்படியிருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிற வண்டிகளைக் குன்னூர் வழியாக விட்டு, இறங்குகிற வண்டிகளை எல்லாம் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள். ஊட்டியில் மலர்க் கண்காட்சி பார்த்த அத்தனை கார்களும் எங்கள் வாசல் வழியாகத்தான் வீட்டுக்குப் போகும். போனாலும் பரவாயில்லை, வளைவுக்கு வளைவு நிறுத்தித் தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கி போட்டோ எடுப்பார்கள். கவ்வாத்து அடித்த செடியை மிதித்துக்கொண்டு நின்று சிரிப்பார்கள். இப்போது 2024 மே மாதத்திலிருந்து ஐகோர்ட் உத்தரவுப்படி நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேறு இருக்கிறது. இருந்து என்ன, சீசனில் எங்கள் பஸ் நேரத்துக்கு வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. சரி, அதை விடுங்கள்.

அன்று பஸ் முக்கால் மணி நேரம் அசையவில்லை. அக்கா ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார், "எம்மேல கோவமா கண்ணு?"

"இல்லைங்க" என்று வாயில் வந்துவிட்டது. அப்புறம் ஏனோ, "ஆமாங்க்கா. அஞ்சு மாசம் பின்னினேன் அதை" என்றேன்.

"பரவாயில்லைன்னியே. நான் அதை நம்பிட்டேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கொஞ்ச நேரம் கழித்து, சண்டைக்கு வராத குரலில், "அந்த அட்வான்ஸ் சீட்டு ரெண்டு நாளு அங்கயே கெடந்துச்சே. பொண்ணுக்குப் பரீட்சை ஃபீஸ் கட்ட அன்னைக்குத்தான் கடைசி நாளு. மூக்குத்தியை அடகு வெச்சேன்" என்றார். அப்போதுதான் பார்த்தேன். மூக்குத் துளை தூர்ந்துவிடாமலிருக்க ஈர்க்குச்சியைச் சின்னதாகக் கிள்ளிச் செருகியிருந்தார். அதோடு இரண்டு மாதம் தினமும் என் மேசையைக் கடந்து போயிருக்கிறார், நான் முகத்தையே பார்த்ததில்லை.

"சீட்டை வேணும்னுதான்க்கா வெச்சிருந்தேன்" என்றேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. அரவேணுவில் நான் இறங்கும்வரை இருவரும் பேசவில்லை. மறுநாள் மத்தியானம் என் மேசைக்கு வந்து டப்பாவைத் தன் பக்கம் இழுத்து மூடியைத் திறந்தார். "இன்னைக்கும் தயிர்ச்சோறுதானா?"

மூக்குத்தியை மீட்கப் பணம் கொடுத்தாயா என்று கேட்கப்போகிறீர்கள். கொடுத்தேன், வாங்கவில்லை. அந்த மாதச் சம்பளத்தில் அவரே மீட்டுக்கொண்டார்.

அதனால்தான் சொல்கிறேன், உங்கள் தோழியிடம் கத்தாமல் இருந்தீர்களே, அது சரி. ஆனால் பரவாயில்லை என்று சொன்னது பொய். இன்னும் மூன்று நாள்தான் ஆகியிருக்கிறது, போய் மாற்றிச் சொல்லிவிடலாம். "அன்னைக்குப் பரவாயில்லைன்னேன், ஆனா எனக்கு மனசு ஆறலை, அது எனக்குப் பிடிச்ச டிரஸ்" என்றால் போதும். காசு கேளுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவர் உங்களைப்போலச் சம்பளம் வாங்குபவராக இருந்து, தானே புதிது வாங்கித் தருகிறேன் என்றால் வீறாப்புக்காக மறுக்காதீர்கள், அவ்வளவுதான். துவைத்துத் தருகிறேன் என்றால் மட்டும் கொடுக்காதீர்கள்.

குர்தா பருத்திதானே? சாம்பார்க் கறையில் எண்ணெய் சோப்புக்குப் போய்விடும், நிற்பது மஞ்சள்தான். சோப்புப் போட்டதும் அது ரத்தச் சிவப்பாகும், பயந்துவிடாதீர்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிறதே, அதுதான். நன்றாக அலசி, ஈரத்தோடு நேர் வெயிலில் விரித்துப் போடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலுக்குத் தாங்காது, இரண்டு மூன்று நாளில் வெளுத்துவிடும். நீங்கள் எந்த ஊர் என்று எழுதவில்லை. எங்கள் பக்கம் என்றால் ஆகஸ்ட் முடியும்வரை அத்தனை வெயிலுக்கு நீங்கள் மேட்டுப்பாளையத்துக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.