‘சாமி’ என்று கூப்பிடுவது யாரை? அத்வைதம் பற்றிய கேள்வி பதில்

சபரிமலைக்கு மாலை போடும் மண்டல காலத்தில், கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்து எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து பஜனை மடத்தில், பஜனை முடிந்து சுண்டல் கொடுத்த பிறகு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுவோம். இந்த வருடம் பேச்சு முழுக்க ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். உனக்குள் ‘நான்’ என்று விளங்கும் ஆத்மாவே கடவுள் என்கிறதே அத்வைதம், அது எப்படி? நேரில் கேட்டவர்கள், துண்டுச் சீட்டில் எழுதித் தந்தவர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பியவர்கள் என்று நிறையப் பேர். நான் ஓய்வுபெற்ற தமிழ் மீடியம் வாத்தியார், இங்கே ‘மாஷ்’ என்பார்கள். ஒரு பெரியவரிடம் பல வருடம் உபநிஷத்து பாடம் கேட்டவன். அங்கே கேட்டு மனதில் நின்றதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

மாஷே, ‘நானே கடவுள்’ என்பது திமிர் இல்லையா? இரணியனும் அதைத்தானே சொன்னான்? (ஐ.டி.ஐ. மாணவர், வண்ணாமடை)

இரணியன் சொன்னது வேறு, தம்பி. அவன் தன் உடம்பையும் அதிகாரத்தையும் ‘நான்’ என்று பிடித்துக்கொண்டு, அதைக் கும்பிடு என்றான். உபநிஷத்து அந்த நானைத்தான் முதலில் கழற்றி வைக்கச் சொல்கிறது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். சில வருடம் முன்னால் பொள்ளாச்சி பஸ்ஸில் கண்டக்டர் என்னிடம் காசு வாங்கவே மாட்டேன் என்றார். தடித்த மீசை, கனத்த குரல். “நான்தான் மாஷே, ஏழாம் கிளாஸ்ல ஜன்னலோரம் உக்காந்து வேப்பங்கொட்டை எறிஞ்சு அடி வாங்கினவன்” என்றதும் எனக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டது. ‘அந்தப் பையன்தான் இவர்.’ அப்போது நான் என்ன செய்தேன்? அரை டிராயரையும் விட்டேன், மீசையையும் விட்டேன். இரண்டிலும் மாறாமல் இருந்த ஆளை மட்டும் பிடித்துக்கொண்டேன். டிராயர்தான் மீசை என்று சொன்னால் யாராவது ஒப்புக்கொள்வார்களா?

‘தத் த்வம் அஸி’, நீ அதுவாக இருக்கிறாய், என்ற வாக்கியத்தையும் இப்படித்தான் பிரிக்க வேண்டும் என்று, அத்வைதத்துக்கு உரை எழுதிய ஆதி சங்கரர் வழி வந்தவர்கள் சொல்கிறார்கள். ‘அந்த தேவதத்தனே இவன்’ என்பது அவர்கள் தரும் உதாரணம். எல்லாம் தெரிந்த ஈஸ்வரன் என்ற கோலம் ஒரு பக்கம். பஸ் நேரம்கூடச் சரியாகத் தெரியாத நான் என்ற கோலம் மறுபக்கம். இரண்டு கோலத்தையும் எடுத்து வைத்த பிறகு மிஞ்சும் அறிவு ஒன்றுதான். வண்ணாமடையில் இருக்கும் நீங்கள் உலகத்தைப் படைத்தீர்கள் என்று யாரும் சொல்லவில்லை.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை இருக்கிறது என்று எப்படி நம்புவது? (அதே மாணவரின் நண்பர்)

சாந்தோக்ய உபநிஷத்தின் ஆறாம் அத்தியாயத்தில் ஸ்வேதகேது கேட்டதும் இதேதான். அப்பா உத்தாலகர் உப்பைத் தண்ணீரில் போட்டு வைக்கச் சொன்னார். காலையில் அந்த உப்பைக் கொண்டு வா என்றார். காணோம். மேலே குடி, நடுவில் குடி, அடியில் குடி என்றார். எங்கே குடித்தாலும் உப்பு. அந்த அத்தியாயத்தில் ‘நீ அதுவாக இருக்கிறாய்’ என்று ஒன்பது முறை சொல்கிறார்.

இதை என் வகுப்பில் செய்து பார்த்திருக்கிறேன். சொம்புத் தண்ணீரில் ஒரு பிடி கல்லுப்பு. மறுநாள் பிள்ளைகள் வரிசையாக வந்து கையில் ஊற்றிக் குடித்து முகம் சுளித்தார்கள். ஒரு பெண் மட்டும் சொம்பை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “காணல மாஷே, ஆனா இருக்கு” என்றாள். அவ்வளவுதான் விஷயம். கண்ணால் பிடிபடாததை நாக்கு பிடித்தது. அதுபோல ஆத்மாவைப் பொருளாக எதிரே வைத்துப் பார்க்க முடியாது. பார்க்கிறவரே அது.

தினமும் பகவதிக்கு விளக்கு வைக்கிறேன். உள்ளேயே இருக்கிறார் என்றால் கோயில் எதற்குங்க? (இல்லத்தரசி, கொல்லங்கோடு)

விளக்கை நிறுத்திவிடாதீர்கள் அம்மா. கோயில் வேண்டாம் என்று சங்கரர் எங்கும் சொல்லவில்லை. மனம் அலைந்துகொண்டிருக்கும்வரை அதற்கு ஒரு உருவம் வேண்டும். உருவத்தில் நின்று பழகிய மனம்தான் உள்ளே திரும்பும். கர்மத்தாலும் உபாசனையாலும் மனம் தெளியும், தெளிந்த மனதில் ஞானம் விளங்கும் என்பதுதான் அந்தப் பாதை.

நம் சித்தூர் பகவதியையே பாருங்கள். கொங்கன்படை உற்சவம் எதற்காக? கொங்கு நாட்டுப் படை வந்தபோது அம்மன் இறங்கிப் போரிட்டு விரட்டினாள் என்பது கதை. இன்றைக்கு அந்தக் கூட்டத்தில் கொங்குத் தமிழ் பேசுகிற நம் ஆட்களும் கைகூப்பி நிற்கிறோம். அவள் யாருக்கு எதிரி, யாருக்குத் தாய்? சிறு வயதிலேயே என்னை உறுத்திய கேள்வி இது. இப்போது எனக்குப் படுவது, இரு பக்கத்திலும் கும்பிடுகிறவருக்குள் நின்று கும்பிட வைப்பவளும் அவள்தான்.

நாலு மகாவாக்கியங்கள் எவை? (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்)

ஆத்மாவே பிரம்மம், அதாவது பரம்பொருள், என்று சொல்லும் உபநிஷத்து வாக்கியங்கள் இவை, வேதத்துக்கு ஒன்று. ப்ரஜ்ஞானம் பிரம்ம: ரிக் வேதம், ஐதரேயம். அஹம் பிரம்மாஸ்மி: யஜுர், பிருஹதாரண்யகம். தத் த்வம் அஸி: சாமம், சாந்தோக்யம். அயமாத்மா பிரம்ம: அதர்வம், மாண்டூக்யம். மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தேர்வு முடிந்ததும் மாண்டூக்யத்தை மட்டுமாவது ஒரு முறை நிதானமாகப் படியுங்கள், மொத்தமே 12 மந்திரம்.

எங்கள் வீட்டில் சைவ சித்தாந்தம். சீவன் சிவமே என்று நீங்கள் சொல்வதை என் அப்பா ஒப்பவே மாட்டார். யார் சொல்வது சரி? (கோவிந்தாபுரம் வாசகர்)

அப்பாவோடு சண்டை போடாதீர்கள். அவர் நிற்கும் இடம் பலமான இடம். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞான போதத்தின் 12 சூத்திரத்தில் கட்டி வைத்தது. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் மலம்) மூன்றுமே தொடக்கம் இல்லாதவை. அத்துவிதம் என்ற சொல்லை அவர்களும் ஒப்புகிறார்கள். ஆனால் அதற்கு ‘ஒன்று’ என்று பொருள் கொள்வதில்லை, ‘இரண்டு என்று பிரிக்க முடியாதபடி கலந்திருப்பது’ என்கிறார்கள். உடலில் உயிர் கலந்தாற்போல, கண்ணின் ஒளியில் கதிரொளி கலந்தாற்போல. முத்தியிலும் உயிர் சிவனடியில் இருந்து இன்பம் நுகரும், சிவமாகவே ஆகிவிடாது.

விசிஷ்டாத்வைதம் சொன்ன ராமானுஜரும் பிருஹதாரண்யகத்தில் அந்தர்யாமி, அதாவது உள்ளிருந்து நடத்துபவன், பற்றிய பகுதியைத்தான் எடுத்துக்கொள்கிறார். ‘மண்ணில் இருந்துகொண்டு, மண் அறியாதபடி, மண்ணை உடலாகக் கொண்டு உள்ளிருந்து நடத்துபவன் எவனோ, அவனே உன் ஆத்மா’ என்று யாக்ஞவல்கியர் உத்தாலகருக்குச் சொல்வது அது. உடல் என்ற சொல்லை ராமானுஜர் அழுத்திப் பிடித்தார். உலகமும் உயிர்களும் அவனுக்கு உடல். ‘அவனே உன் ஆத்மா’ என்பதைச் சங்கரர் அழுத்திப் பிடித்தார்.

நான் சங்கரர் பக்கம். காரணத்தையும் சொல்கிறேன். கடவுள் எனக்கு வேறான ஒரு பொருள் என்றால், எவ்வளவு பெரிய பொருளானாலும் என் அறிவுக்கு முன்னால் வந்து நிற்கும் இன்னொன்றாகத்தான் ஆகும். அப்போதும் அதை அறிகிற அறிவு மிஞ்சி நிற்கிறதே, அதை எங்கே வைப்பது? இந்தக் கேள்விக்கு அத்வைதத்தில்தான் எனக்குப் பதில் கிடைத்தது. அப்பாவுக்கு வேறு இடத்தில் கிடைத்திருக்கிறது.

உலகம் மாயை என்றால் சொசைட்டிக் கடனும் மாயைதானே? (தென்னந்தோப்புக்காரர்)

கடன் கட்டத்தான் வேண்டும்! மாயை என்றால் ‘இல்லவே இல்லை’ என்று பொருள் கொள்வதால் வரும் குழப்பம் இது. முயல் கொம்பு இல்லாதது. கயிற்றில் தெரியும் பாம்பு விளக்கு வரும்வரை இருப்பது. உலகமோ பிரம்ம ஞானம் வரும்வரை எல்லோருக்கும் பொதுவாக இருப்பது, அதை வியாவகாரிகம் என்பார்கள். பானையை மண் இல்லாமல் தூக்க முடியுமா? மண்ணை விட்டுத் தனியாகப் பானைக்கு இருப்பு இல்லை, ஆனாலும் தண்ணீர் பிடிக்கலாம். இரவல் இருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாரிடமும் ஒரே ஆத்மா என்றவர்கள் நாட்டில் எங்கள் பாட்டனார் ஏன் தெருவுக்குள் நடக்க முடியாமல் இருந்தார்? (பெயர் வேண்டாம் என்றவர்)

இந்தச் சீட்டைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தேன். கேட்க வேண்டிய கேள்வி.

சங்கரர் பிறந்த காலடி நம் மாநிலத்தில்தான், பெரியாற்றங்கரையில். காசியில் எதிரே வந்த சண்டாளரை விலகச் சொன்னபோது, “விலக வேண்டியது உடலா, ஆத்மாவா?” என்று அவர் திருப்பிக் கேட்க, அப்படி அறிந்தவர் யாரானாலும் அவரே என் குரு என்று சங்கரர் பாடியதாக மரபு சொல்கிறது. அதே சங்கரர் பிரம்ம சூத்திர உரையில் சூத்திரருக்கு வேதம் படிக்கும் உரிமை இல்லை என்றும் எழுதியிருக்கிறார். இரண்டையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தத்துவம் ஒரு பக்கம் போக, தெரு இன்னொரு பக்கம் போனது. அது அநியாயம், உங்கள் பாட்டனாருக்கு நடந்தது அநியாயம்.

அத்வைதத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் என்று நான் நினைப்பது, ஈழவர் சாதியில் பிறந்த துறவி நாராயண குருவை. 1888 சிவராத்திரியில் அருவிப்புரத்தில் நெய்யாற்றிலிருந்து கல்லெடுத்துச் சிவனைப் பிரதிஷ்டை செய்தார். ஈழவருக்கு அந்த உரிமை மறுக்கப்பட்டிருந்த காலம். சாதி வேற்றுமையும் மதப் பகையும் இல்லாமல் எல்லோரும் சகோதரராக வாழும் முன்மாதிரி இடம் இது என்று அங்கே எழுதி வைத்தார்கள். 1927-இல் களவங்கோட்டில் கருவறையில் அவர் வைத்தது சிலை இல்லை, கண்ணாடி. கும்பிடப் போனவர் தன் முகத்தையே பார்த்தார். நூறு பக்க உரை எழுதி விளக்க வேண்டியதை ஒரு கண்ணாடியில் வைத்துவிட்டார் மனுஷர். தமிழிலும் அவர் பாடியிருக்கிறார் என்பது நம் ஆட்களில் பலருக்குத் தெரியாது.

அம்மாவுக்கு மறதி நோய். என்னையே யார் என்று கேட்கிறாள். அவளுக்குள் ஆத்மா இன்னும் இருக்கிறதா, மாஷ்? (மகள், வேலந்தாவளம்)

இருக்கிறதம்மா. கொஞ்சமும் குறையாமல் இருக்கிறது.

என் அம்மாவும் கடைசி ஒன்றரை வருடம் அப்படித்தான் இருந்தாள். வெற்றிலைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மூடியைத் திறப்பாள், மூடுவாள். “நீ யாரு வீட்டுப் பையன்?” என்பாள். உங்க வீட்டுப் பையன்தான் என்றால் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு பழைய சிரிப்பேதான். அன்றைக்கு நான் படித்த பாடமெல்லாம் எனக்குக் கைகொடுக்கவில்லை, கொல்லைப்புறம் போய் அழுதேன். பிறகு மெல்லத்தான் தெளிந்தது. பெயர், முகம், உறவு எல்லாம் மனம் என்ற கருவியின் வேலை. கருவி பழுதானால் நினைவு போகும். நினைவு இருந்தபோது அதற்கு வெளிச்சமாக இருந்தது எதுவோ, மறதிக்கும் அதுவே வெளிச்சம். நாமும் தினமும் ஆழ்ந்த தூக்கத்தில் பெயரும் உறவும் இல்லாமல்தான் கிடக்கிறோம். எழுந்து “ஒண்ணும் தெரியாம நல்லாத் தூங்கினேன்” என்கிறோம். ஒன்றும் தெரியாததை அறிந்து வைத்திருந்தது எது?

சித்தூர் தெக்கேகிராமத்தில், சோகநாசினி ஆற்றங்கரையில், மலையாளக் கவி எழுத்தச்சன் கடைசிக் காலத்தைக் கழித்த குருமடம் இருக்கிறது. கண்ணுக்குக் கண் மனம், அந்த மனக்கண்ணுக்கும் கண்ணாக இருப்பது தானே என்று தெளியும்போது வரும் ஆனந்தத்தை அவர் பாடியிருக்கிறார். மலையாள வீடுகளில் அந்தி விளக்கின் முன்னால் சொல்கிற கீர்த்தனைதான். ஆற்றின் பெயரும் துயரத்தை அழிப்பவள். எல்லா சாஸ்திரமும் கற்ற நாரதரே ‘எனக்குத் துயரம் தீரவில்லை’ என்று சனத்குமாரரிடம் போய் நின்றாராம். அதனால் உங்களுக்கு அழுகை வந்தால் அழுங்கள். மருந்தை நேரத்துக்குக் கொடுங்கள். பெயரைச் சொல்லிச் சொல்லிச் சோதிக்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

மாலை போட்டிருக்கும்போது எல்லாரையும் சாமி என்கிறோம். கழற்றினதும்? (கன்னிச்சாமி ஒருவர்)

சபரிமலையில் பதினெட்டாம் படிக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று இந்தத் தடவை நிமிர்ந்து பாருங்கள். தத்வமஸி. 41 நாள் டீக்கடைக்காரரையும் டிரைவரையும் சாமி என்று கூப்பிட்டுப் பழகிவிட்டுப் போய் நின்றால், அந்த எழுத்து புதிதாக எதையும் சொல்லாது. கழற்றின பிறகு வாய் பழைய மாதிரி கூப்பிடும். அதனால் அவர்கள் மாறிவிடுகிறார்களா என்று மறுநாள் டீக்கடையில் நின்று யோசித்துப் பாருங்கள்.

தாத்தா, சாமி எனக்குள்ளயே இருந்தா, நான் அப்பாகிட்ட பொய் சொன்னது சாமிக்குத் தெரியுமா? (ஆறாம் வகுப்பு)

பொய் சொல்லும்போது அது பொய் என்று உனக்குத் தெரிந்ததா, கண்ணு? யாரும் பார்க்கவில்லை, யாரும் சொல்லித் தரவில்லை, ஆனாலும் உள்ளே தெரிந்ததல்லவா? அப்படித் தெரிந்ததே, அதைத்தான் இத்தனை பெரியவர்களும் மேலே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பயப்படாதே, அது உன்னை அடிக்காது. நாளைக்கு அப்பா தோட்டத்திலிருந்து வந்து கைகால் கழுவினதும் போய்ச் சொல்லிவிடு. துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நானும் வருகிறேன்.