நிலைக்கு மேலே இருந்த வரி

அன்பின் நானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

டமஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலைப் பற்றி ஒரு வீடியோ பார்த்தேன். அதன் தெற்குச் சுவரில் அடைபட்ட பழைய வாசல் ஒன்று இருக்கிறதாம், நிலைக்கல்லில் கிறிஸ்துவின் பெயர் கிரேக்க எழுத்தில் இருக்கிறதாம். ஒரு காலத்தில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் அந்த ஒரே வாசலால்தான் வணங்கப் போனார்கள் என்றும் சொல்கிறார்கள். உண்மையா? உண்மையென்றால் ஏன் அதை அழிக்காமல் விட்டார்கள்? அந்த எழுத்து ஒருவருக்கும் விளங்காததால்தான் தப்பியது என்கிறான் என் கூட்டாளி. நல்லிணக்கம் பற்றி ஒரு கூட்டத்தில் பேச இருக்கிறேன், அதற்கு இந்தக் கதை உதவும். பதிலைச் சுருக்கமாகத் தந்தாலும் போதும். எங்கள் பள்ளியிலும் புதுப்பிப்பு வேலை நடக்கிறது, நேரமே இல்லை. பழைய முன்கதவைக் கழற்றி, வுழூச் செய்யும் தண்ணீர்த் தொட்டியான ஹவ்ழுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறோம். புதிய கேட் வந்ததும் படம் அனுப்புகிறேன்.

ஒரு வாசகர், தெமட்டகொடை

*

வ அலைக்குமுஸ்ஸலாம் தம்பி,

வாசல்களைப் பற்றிக் கொஞ்ச காலமாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. சுருக்கமாக எழுத என்னால் முடியாது.

வாசல் உண்மை, எழுத்தும் உண்மை. அந்த இடம் முதலில் அராமியரின் ஹதாத் கோயில். பிறகு ரோமர்களின் ஜூப்பிட்டர் கோயில். நாலாம் நூற்றாண்டின் முடிவில் யஹ்யா நபியின், அதாவது யோவான் ஸ்நானகரின் பெயரில் தேவாலயமானது. 706இல் கலீபா அல் வலீத் பள்ளிவாசல் கட்டத் தொடங்கினார். நீங்கள் சொல்லும் தெற்கு வாசல் ரோமர் காலத்தது: நடுவில் பெரியது, இரு பக்கமும் சிறியவை. கிறிஸ்துவே, உமது அரசு எக்காலத்துக்கும் உரியது, உமது ஆட்சி தலைமுறை தலைமுறையாக நிலைக்கும் என்பதுதான் நிலைக்கல்லில் உள்ள வரியின் பொருள். பைபிளின் சங்கீதப் புத்தகத்து வரி, அதில் கிறிஸ்துவின் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள்.

ஒரே வாசலால் போன கதையை இப்னு கதீர் போன்ற வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நகரம் முஸ்லிம்கள் கைக்கு வந்தது 635 அளவில். அதிலிருந்து வலீத் காலம் வரை, சுமார் எழுபது ஆண்டுகள், இரு சாராரும் ஒரே வாசலால் நுழைந்து, கிறிஸ்தவர்கள் மேற்கே திரும்பித் தேவாலயத்துக்கும் முஸ்லிம்கள் கிழக்கே திரும்பித் தொழுமிடத்துக்கும் போவார்களாம். அது இந்தத் தென்வாசல்தான் என்று பலரும் கொள்கிறார்கள்.

உங்கள் கூட்டாளி சொன்னதைத்தான் என்னால் விடமுடியவில்லை. எழுத்து விளங்காமல் விட்டார்களாம்! தம்பி, அந்த நகரத்தின் அரசாங்கக் கணக்கே கிரேக்க மொழியில்தான் நடந்தது. சிரியாவின் திவானை, அதாவது அந்தக் கணக்கு அலுவலகத்தை, கிரேக்கத்திலிருந்து அரபிக்கு மாற்றியது வலீதின் வாப்பா அப்துல் மலிக், அதுவும் 700ஆம் ஆண்டளவில். அடிக்கல் வைத்ததற்குச் சில வருடங்கள் முன்னால்தானே? கிரேக்கத்தில் வரிக்கணக்கு எழுதிய குமாஸ்தாக்கள் உயிரோடு அதே தெருக்களில் நடமாடினார்கள். தெரியாமல் விட்ட கதை இங்கே எடுபடாது. அந்தச் சுவர் தொழும்போது முன்னோக்கும் கிப்லாச் சுவர் ஆனதால் வாசலை அடைத்தார்கள், நியாயம். நிலைக்கல்லை உடைக்க ஓர் உளியும் அரை நாளும் போதும். உடைக்கவில்லை. பிறகு 1069இல் தீ, 1401இல் தைமூரின் தீ, 1893இல் இன்னொரு தீ. ஒவ்வொரு தடவையும் திருத்த வேலை நடந்தது. திருத்த வேலை என்றால் என்னவெல்லாம் காணாமல் போகும் என்று உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். அந்த வரி மட்டும் போகவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதைப் பார்க்கப் போனவர்கள் சுவரை ஒட்டியிருந்த வெள்ளிக்கடைக் கூரையில் ஏறித்தான் பார்த்தார்கள்.

நல்லிணக்கப் பேச்சுக்கு இதை எடுக்க வேண்டாம். கிறிஸ்தவர்கள் அந்தத் தேவாலயத்தைச் சிரித்துக்கொண்டு கொடுக்கவில்லை. வலீத் எடுத்தார், பதிலுக்கு வேறு தேவாலயங்களை உறுதி செய்து கொடுத்தார். அவர்களுக்கு வலித்தது. அதை விட்டுவிட்டு ஒரே வாசலை மட்டும் மேடையில் சொன்னால் பாதிக் கதைதான் சொன்னதாகும். நிலம் யாருக்குச் சொந்தம் என்ற வழக்குக்குள்ளும் நான் வரப்போவதில்லை.

அதே பள்ளியின் கிழக்கு வாசலான பாபு ஜைரூனில் ஒரு கடிகாரம் இருந்தது. 1326இல் உலகம் சுற்றிய பயணி இப்னு பதூதா பார்த்திருக்கிறார். மணிக்கு ஒன்றாகச் சிறு கதவுகள், உள்பக்கம் பச்சை, வெளிப்பக்கம் மஞ்சள். மணி கடந்ததும் ஒரு கதவு நிறம் மாறித் திரும்பும், உள்ளே ஓர் ஆள் இருந்து கையால் திருப்புகிறானாம். அதே இப்னு பதூதாதான் 1344இல் நம் கொழும்புக்கு வந்து, செரந்தீபின், அதாவது இலங்கையின், அழகான பெரிய ஊர்களில் ஒன்று என்று எழுதினார். அவர் கண்ட கொழும்பில் இன்று நமக்கு எந்த வாசல் மிஞ்சியிருக்கிறது? புறக்கோட்டையில் மெயின் ஸ்ட்ரீட் முடிகிற இடத்தைக் கெய்மன்ஸ் கேட் என்கிறோம். டச்சுக்காரர் காலத்து வாசலே அங்கு இல்லை, மணிக்கூண்டுதான் நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. கொழும்பில் முஸ்லிம் மையவாடியில் ஹிஜ்ரி 337ஆம் ஆண்டு, அதாவது 948 அளவைச் சேர்ந்த, கூஃபி என்ற பழைய அரபு எழுத்துக் கல் ஒன்று இருந்தது. காலித் இப்னு அபூ பகாயா என்பவரின் கப்றில் நட்ட மீஸான் கல். அதைப் பெயர்த்துக்கொண்டு போய் ஓர் அதிகாரி வீட்டுக்கு வாசற்படியாகப் போட்டார்கள். பிற்பாடு பிரதம நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் கண்ணில் பட்டு, 1827இல் லண்டனில் அச்சேறியது. நமக்கு ஆயிரம் வருடச் சரித்திரம் இருக்கிறது என்று மேடைக்கு மேடை சொல்கிறோமே, அந்தச் சாட்சியை எத்தனை பேர் செருப்போடு மிதித்திருப்பார்கள்! அதைச் செய்தது பிற ஆட்கள் என்று கோபப்படலாம். உங்கள் ஹவ்ழுக்குப் பின்னால் இருக்கிற கதவுக்கு யார்மேல் கோபப்படுவது?

நான் சிறுவயதில் ஓதப் போன பள்ளியில் முன்வாசலுக்கு மேலே ஒரு பலகை இருந்தது. அரபு எழுத்தில் தமிழ் எழுதும் அறபுத்தமிழில் நாலு வரி செதுக்கி, பள்ளத்தில் சுண்ணாம்பு அப்பியிருந்தார்கள். கடைசி வரியின் மூலையில் குளவி மண்கூடு கட்டியிருக்கும், அதனால் அந்த மூலை எழுத்து எப்போதும் தெரியாது. வாப்பா ஜும்ஆ முடிந்து செருப்புப் போடும்போது முதல் வரியை வாசித்துக் காட்டுவார். மரம் கப்பலில் வந்த கதை அது. மீதியை நீயே படித்துச் சொல்லு என்பார். ஒரு நோன்புக்கு முன்னால் வேலை தொடங்கினார்கள். கதவு போனது, நிலை போனது. அந்தப் பலகையைச் சாரப் பலகையாகக் கட்டி மேசன்மார் மேலே நின்று பூசினார்கள். சீமெந்து காய்ந்து எழுத்தை அடைத்துவிட்டது. பிறகு அது விறகோடு போயிற்று. ஒருவரும் ஒரு துண்டுக் கடதாசியில் அந்த நாலு வரியை எழுதி வைக்கவில்லை. வாசிக்கத் தெரிந்தவர்களும் மௌத்தாகிவிட்டார்கள். மண்கூட்டுக்குள் இருந்த எழுத்து எதுவென்று வாப்பாவுக்கும் தெரியாது. இப்போது அங்கே பளபளவென்று ஸ்டீல் கேட்.

பள்ளிக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. அல்லாஹ்வின் வீட்டை அழகுபடுத்தும் ஆசையில்தான் செய்தார்கள், உங்கள் ஜமாஅத்தாரும் அப்படித்தான். ஆனால் கோபம் வருகிறது தம்பி. டமஸ்கஸ்காரன் அடுத்தவர் எழுதிய வரியை ஆயிரத்து முந்நூறு வருடம் காப்பாற்றினான். நாம் நம் மூத்தவாப்பாமார் நமக்கு எழுதிய வரியைப் பழைய சாமான் லொறியில் ஏற்றுகிறோம். பிறகு டமஸ்கஸைப் பற்றி வீடியோ பார்த்து ஆச்சரியப்படுகிறோம்.

சரி, இன்றைக்கே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கதவை மழை படாத இடத்துக்கு மாற்றுங்கள், கீழே செங்கல் வைத்து உயர்த்துங்கள். உப்புக்கடதாசி போடாதீர்கள், வார்னிஷ் பூசாதீர்கள். காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசியை மட்டும் தட்டுங்கள். இரவில் டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுத்தால் நேரே தெரியாத செதுக்கலும் தெரியும். நிலையையும் கழற்றியிருந்தால் அதன் உள்பக்கத்தையும் பாருங்கள், தச்சர்மார் அங்கே அடையாளம் போடுவது உண்டு. உங்கள் மஹல்லாவில் வயது போனவர்களிடம் அந்தக் கதவை யார் கொடுத்தது என்று கேட்டு, சொன்னவர் பெயரோடு எழுதி வையுங்கள். அப்புறம் நம்பிக்கையாளர் சபையிடம் போய், புதிய கேட்டை வெளிமதிலில் போட்டு, பழைய கதவை உள்வாசலில் மறுபடி மாட்ட முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் காரணத்தை எனக்கு எழுதுங்கள், நானே வந்து பேசுகிறேன். புதிய கேட்டின் படம் எனக்கு வேண்டாம். ஹவ்ழுக்குப் பின்னால் இருப்பதன் படத்தை அனுப்புங்கள்.