பணம் பொது, கஜானா தனித்தனி: யூரோ கேள்வி பதில்

கல்லூரி மாணவி: கிரேக்கம் கடனில் மூழ்கியபோது நாணய மதிப்பைக் குறைத்துத் தப்பித்திருக்கலாமே சார்?

குறைக்க அதனிடம் சொந்த நாணயமே இல்லையே அம்மா. 2001-லேயே டிராக்மாவை விட்டு யூரோவுக்கு வந்துவிட்டது. யூரோவுக்கு வட்டி வைப்பது பிராங்க்பர்ட்டில் உள்ள ஐரோப்பிய மத்திய வங்கி. வரி வாங்குவதும் செலவழிப்பதும் அந்தந்த நாட்டு அரசு. பணம் பொது, கஜானா தனித்தனி. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. நாணயத்தை இறக்க முடியாவிட்டால் சம்பளத்தையும் பென்ஷனையும்தான் இறக்கியாக வேண்டும்.

2015 ஜூன் கடைசியில் வங்கிகளை மூடினார்கள். ஏடிஎம்மில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 60 யூரோ. 20 யூரோ நோட்டு தீர்ந்த இயந்திரங்களில் 50 தான் வந்தது. ஏடிஎம் கார்டே இல்லாத முதியவர்கள் பென்ஷனுக்காக வங்கி வாசலில் காத்துக் கிடந்தார்கள். அப்போது வேலையில் இருந்தவர்களும் வேலை தேடியவர்களும் சேர்ந்த மொத்தத்தில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. கிரேக்க அரசு கணக்கில் தவறு செய்தது உண்மை. ஆனால் அதற்கான தண்டனையைச் சாதாரண மக்கள் தலையில் இவ்வளவு ஏற்றியிருக்கக் கூடாது.

பாரிஸ் வாசகர்: அப்புறமாவது பாடம் கற்றார்களா?

பாதி. கொரோனா வந்ததும் 2020 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளும் சேர்ந்து 75,000 கோடி யூரோ கடன் வாங்க ஒப்புக்கொண்டன. அதில் பாதிக்கு மேல் திருப்பித் தர வேண்டாத மானியம். ஆனால் இந்த ஒரு முறைக்கு மட்டும் என்று எழுதிவைத்துவிட்டார்கள்.

ஜெர்மனியில் வேலை செய்பவர்: இங்கே ஆலைகள் ஏன் திணறுகின்றன?

மலிவான ரஷ்ய எரிவாயுவை நம்பிக் கட்டிய தொழில்கள் அவை. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் அந்த வரத்து பெருமளவு நின்றது. அந்த அக்டோபரில் யூரோ நாடுகளின் விலைவாசி உயர்வு 10.6 சதவீதம். சுழியத்துக்கும் கீழே இருந்த வட்டியை மத்திய வங்கி 2023 செப்டம்பருக்குள் 4 சதவீதத்துக்கு ஏற்றியது. வட்டியை ஏற்றினால் எரிவாயு வந்துவிடாது. புதிய ஆலைக்குக் கடன் வாங்குவதுதான் கடினமாகும். போதாக்குறைக்குச் சீன மின்சாரக் கார்களின் போட்டி வேறு. 2009-ல் தனக்குத் தானே போட்டுக்கொண்ட கடன் வரம்பை ஜெர்மனி 2025 மார்ச்சில்தான் தளர்த்தியது. பாலமும் ரயில் பாதையும் பழுதாகும் வரை காத்திருக்காமல் முன்பே செய்திருக்கலாம்.

போல்ட், நட் ஏற்றுமதியாளர், கோவை: கார்பன் எல்லை வரி எங்களையும் தொடுமா?

தொடும். சரக்கைத் தயாரிக்கும்போது வெளியாகும் கார்பன் உமிழ்வுக்கு ஏற்ப ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி மீது போடும் கட்டணம் இது. எஃகு போல்ட், நட்டும் பட்டியலில் உண்டு. 2026 ஜனவரி முதல் கட்டணப் பொறுப்பு வந்துவிட்டது. கட்ட வேண்டியவர் அங்கே இறக்குமதி செய்பவர். ஆனால் அவர் உங்களிடம்தான் கணக்குக் கேட்பார். உண்மையான உமிழ்வுக் கணக்கு இல்லையென்றால், அவர்கள் வைத்திருக்கும் பொது மதிப்பைப் போடுவார்கள். அது பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். நோக்கம் நல்லதுதான். ஆனால் சிறு பட்டறைக்கு இந்தக் கணக்கு வேலையே பெரிய சுமை. அங்கே வாங்குபவர் இந்தப் பட்டியல் சரக்குகளை ஆண்டுக்கு மொத்தமாக 50 டன்னுக்குள் இறக்குமதி செய்பவரா என்று முதலில் கேளுங்கள். அப்படியானால் விலக்கு உண்டு. இல்லாவிட்டால், உங்களுக்குக் கம்பி தரும் ஆலையிடம் உமிழ்வு விவரத்தை இப்போதே எழுத்தில் வாங்கி வையுங்கள்.