கரண்ட் போய் வந்தால் கோப்பு காலி: ஜர்னல் இருந்தும் ஏன்?

கேள்வி: கடைக்கு பில் போடும் சின்ன புரோகிராம் ஒன்றை பைத்தானில் எழுதி ஓட்டுகிறேன். லினக்ஸ், டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் கோப்பு முறைமை எக்ஸ்ட்4. போன வாரம் கரண்ட் போய் வந்ததும் செட்டிங்ஸ் கோப்பு பூஜ்ஜியம் பைட்டாகக் கிடந்தது. எக்ஸ்ட்4-இல்தான் ஜர்னல், அதாவது மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவேடு, உண்டே?

பதில்: ஜர்னல் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. வழக்கமான அமைப்பில் அதில் ஏறுவது மெட்டாடேட்டா மட்டும்: கோப்பின் பெயர், நீளம், டிஸ்க்கின் எந்த பிளாக் (சிறு துண்டு இடம்) எந்தக் கோப்புக்கு என்ற கணக்கு. மாற்றம் முதலில் ஜர்னலில் எழுதப்படும், பிறகு 'இது முழுமை' என்று உறுதி செய்யும் கமிட் பதிவு விழும், அதற்கப்புறமே உரிய இடத்துக்குப் போகும். பாதியில் நின்ற, கமிட் விழாத பதிவை அடுத்த முறை மவுண்ட் ஆகும்போது (டிஸ்க் பயன்பாட்டுக்கு இணைக்கப்படும்போது) கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்.

இதோடு 'ஆர்டர்டு' என்று ஒரு விதி இயல்பாகவே இருக்கிறது. தரவு டிஸ்க்கில் இறங்கிய பிறகே அதைச் சுட்டும் மெட்டாடேட்டா கமிட் ஆகும். இல்லாவிட்டால் என்றோ அழித்த கோப்பின் மிச்சம் உங்கள் கோப்புக்குள் தலைகாட்டும். சரி, அப்படியும் ஏன் காலியானது? பைத்தானில் எழுதுவதற்கான 'w' போட்டுக் கோப்பைத் திறந்த உடனே நீளம் பூஜ்ஜியமாகிறது. அது மெட்டாடேட்டா, சுமார் 5 விநாடியில் கமிட் ஆகிவிடும். புதிய உள்ளடக்கத்துக்கோ எக்ஸ்ட்4 உடனே பிளாக் ஒதுக்காது. அது 30 விநாடி வரைகூட நினைவகத்தில் காத்திருக்கும். இடமே ஒதுக்காத தரவை அந்த விதி கட்டுப்படுத்தாது. 2009-இல் இதில் பலர் அடிபட்ட பிறகு, இப்படிக் காலியாக்கி எழுதிய கோப்பை மூடும்போதே டிஸ்க்குக்குத் தள்ளும் ஏற்பாடு லினக்ஸின் மையமான கெர்னலின் 2.6.30 பதிப்பில் வந்தது. ஆபத்தான இடைவெளி சுருங்கியது, அடைபடவில்லை.

ஆகவே பழைய கோப்பைத் தொடாதீர்கள். அதே டைரக்டரியில் தற்காலிகக் கோப்பு ஒன்றை எழுதி, ஃப்ளஷ் (பைத்தானின் பஃபர் என்ற தற்காலிக நினைவகத்தில் இருப்பதை லினக்ஸிடம் தர), ஓஎஸ்.எஃப்சிங்க் (அதை டிஸ்க்கில் இறக்க), அப்புறம் ஓஎஸ்.ரீப்ளேஸ் (பெயர் மாற்றிப் பழைய கோப்பின் இடத்தில் வைக்க). ஃப்ளஷ்ஷைத்தான் பலர் மறக்கிறார்கள். பைத்தானின் சொந்த பஃபரில் தங்கியிருப்பது எஃப்சிங்க்குக்குத் தெரியாது. பெயர் மாற்றியதும் உறுதியாக நிலைக்க வேண்டுமென்றால் டைரக்டரிக்கும் ஓர் எஃப்சிங்க் போடுங்கள். செட்டிங்ஸுக்கு அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பழைய கோப்பாவது முழுசாக இருக்கும்.

வேகத்துக்காக யாராவது, டிஸ்க்கில் எழுதும் வரிசையைக் காக்கும் தடுப்பை நிறுத்தும் 'நோபேரியர்' போட்டு மவுண்ட் செய்திருந்தால் முதலில் அதை எடுங்கள். டிஸ்க்கின் உள் கேஷ் வரிசையைக் கலைத்துவிட்டால் மேலே சொன்ன எதுவும் நிற்காது. பில்களை இப்படிக் கோப்பில் வைக்கவே வேண்டாம், எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தளத்துக்கு மாற்றிவிடுங்கள்.