நாலு நாள் முழுகிய சம்பாவை உழுதுவிடலாமா?

கேள்வி: ஐயா, திருக்கோவிலூர் பக்கம் தென்பெண்ணைக் கரையில் இரண்டு ஏக்கர் பி.பி.டி. ரக நெல் நட்டு 45 நாள் ஆகிறது. 2024 டிசம்பர் 2 அதிகாலை வந்த வெள்ளத்தில் நாலு நாள் முழுகிக் கிடந்து, நேற்றுதான் தண்ணீர் வடிந்தது. பயிர் சேறு பூசிப் படுத்துவிட்டது. ஆற்றோரம் கால் ஏக்கரில் மணல் மேடு. யூரியா போட்டால் தேறுமா, உழுதுவிடலாமா? மாட்டுக்கு நனைந்த வைக்கோல்தான் இருக்கிறது.

பதில்: ஐயா, ஃபெஞ்சல் புயல் மழையில் தென்பெண்ணையின் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்தார்கள். அந்தத் தண்ணீர் உங்கள் வயல் மேல் போயிருக்கிறது. பதற்றம் புரிகிறது. ஆனாலும் யூரியாவும் வேண்டாம், ஏரும் வேண்டாம். ஐந்தாறு நாள் பொறுங்கள்.

இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். வயலில் நாலைந்து இடத்தில் ஒவ்வொரு குத்தாக (சேர்த்து நட்ட நாற்றுக் கொத்து) பிடுங்கிக் கழுவி, அடித்தண்டை நகத்தால் நெடுகக் கீறுங்கள். உள்ளே குருத்து வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் பயிருக்கு உயிர் இருக்கிறது. மேல் இலை அழுகியிருந்தாலும் கவலையில்லை. குருத்து பழுப்பாகிக் கொழகொழவென்று வந்தால் அந்தக் குத்து போனதுதான்.

தண்ணீரை ஒட்ட வடித்துவிடாதீர்கள். முழுகி எழுந்த இலை திடீர் வெயிலில் கருகும். இரண்டு நாள் மண் மூடும் அளவு மெல்லிய நீர் நிற்கட்டும். இலையில் சேறு காய்வதற்குள் தெளிப்பானில் நல்ல தண்ணீர் நிரப்பிக் கழுவி விடுங்கள்.

யூரியா ஏன் இப்போது கூடாது என்றால், மூச்சு முட்டிய வேர் அதை எடுக்காது. போட்டது வீணாகும், பாக்டீரியா இலைக்கருகல் நோயையும் கூப்பிட்டு வரும். புது இலை எட்டிப் பார்த்ததும் 200 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ யூரியா, 1 கிலோ ஜிங்க் சல்பேட் கரைத்து ஏக்கருக்குத் தெளியுங்கள். அப்புறம் வயலைச் சற்றே காயவிட்டு, 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஓர் இரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து ஏக்கருக்கு இடுங்கள். செத்த இடத்தில், நன்றாகத் தூர் கட்டிய (அடியில் பக்கக் கிளை விட்ட) குத்துகளைப் பிரித்து நடலாம்.

பாதிக்கு மேல் குருத்து அழுகியிருந்தால் மட்டும் உழுவதைப் பற்றி யோசியுங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் இருந்தால், சம்பாவுக்கு அடுத்து வரும் நவரைப் பட்டத்துக்கு ஏ.டி.டி. 43 அல்லது கோ 51 நெல் ரகம் போடலாம். அடுத்த சம்பாவுக்கு, முழுகும் வயலில் வெள்ளம் தாங்கும் சி.ஆர். 1009 சப் 1 ரகம் நடுங்கள். தண்ணீருக்குள் மற்ற ரகங்கள் மூச்சுக்காக நெட்டையாக வளர்ந்து சத்தைத் தீர்த்துவிடும். இது அசையாமல் அடங்கியிருந்து இரண்டு வாரம் வரை தாங்கும். அறுவடைக்கு நாள் கூடுதலாகும் ரகம், அரிசியும் மோட்டா. முழுகும் பகுதிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மணலைத் தொடும் முன் நாலு பக்கமும் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் உதவி வேளாண் அலுவலரிடமும் காட்டிப் பதியுங்கள். 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்று 2024 டிசம்பரில் அரசு அறிவித்தது. கணக்கெடுப்பு முடிந்ததும் மணலை வழித்தெடுங்கள். விரற்கடை அளவு வண்டல் என்றால் அப்படியே கிடக்கட்டும், நல்ல மண்தான்.

வைக்கோலைப் பிரித்து உதறி வெயிலில் காய வையுங்கள். பூஞ்சை வாடை அடித்தால் ஒரு பிடிகூட மாட்டுக்குக் காட்டாதீர்கள், கன்று போட்ட மாட்டுக்குக் கண்டிப்பாகக் கூடாது. மாட்டுக்குத் தொண்டை அடைப்பான் நோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கால்நடை மருந்தகத்தில் இந்த வாரமே கேளுங்கள்.