எரிமலைப் பாதையில் ஓடுவது – ஒரு கடிதம்

வணக்கம் அக்கா,

நியூசிலாந்தின் டோங்கரிரோ எரிமலை பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். எனக்குச் சொந்த ஊர் கோவை, இப்போது இங்கே ஹாமில்டனில் இருக்கிறேன். ஹாஃப் மாரத்தான் ஓடுவேன். மலைப்பாதை ஓட்டம் சமீபத்தில்தான் பிடித்துப்போனது. விடுமுறை நாட்களில் ரோட்டோருவா பக்கம் போய்ப் பயிற்சி செய்கிறோம். வரும் கோடையில், அந்த எரிமலையைக் கடந்து போகும் டோங்கரிரோ ஆல்பைன் கிராஸிங் என்ற நடைபாதையை நண்பர்களோடு ஓடி முடிக்கத் திட்டம்.

உயிருள்ள எரிமலை மேல் எதற்கு ஓடவேண்டும் என்று என் மனைவி பயப்படுகிறாள். நடப்பவர்களுக்கு ஏழெட்டு மணிநேரம் ஆகிறது, நாங்கள் நான்கு மணிநேரத்துக்குள் இறங்கிவிடுவோம், ஆகவே ஆபத்தும் பாதிதான் என்று சொல்லிப் பார்த்தேன். நான் சொன்னது சரிதானே?

இன்னொன்று. அந்தப் பாதைக்குப் பக்கத்தில் நிற்கும் ங்காவுருஹோ எரிமலையின் சிகரத்தில் ஏறாதீர்கள், அது அங்குள்ள மாவோரி மக்களுக்குப் புனிதம் என்று எழுதியிருந்தீர்கள். நண்பர்கள் போகிற வழியில் அதையும் ஏறிவிடலாம் என்கிறார்கள். சட்டப்படி தடை எதுவும் இல்லை. நான் வெள்ளியங்கிரி ஏறியவன். நமக்கு மலை புனிதம் என்றால் ஏறுவதுதான் மரியாதை. அவர்களுக்கு மட்டும் ஏன் ஏறாமலிருப்பது மரியாதை? இதை நான் ஏன் கடைப்பிடிக்க வேண்டும் என்று உண்மையாகவே புரியவில்லை.

அன்புடன்,
செ., ஹாமில்டன்

*

அன்புள்ள தம்பி,

ஓடுங்கள். அந்த மலையில் ஓடிய எனக்கு, ஓடாதீர்கள் என்று சொல்ல மனம் வராது. ஆனால் உங்கள் மனைவியிடம் சொன்ன கணக்கை அப்படியே விட முடியவில்லை.

எரிமலை வெடிப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் உங்கள் கணக்கு சரி. ஆபத்தான இடத்தில் பாதி நேரம் இருந்தால் ஆபத்து பாதி. ஆனால் அந்தப் பாதையில் மனிதர்களைப் பெரும்பாலும் கீழே தள்ளுவது வெடிப்பு இல்லை. காற்று, குளிர், கால் தவறுதல் இந்த மூன்றும்தான். ஓடுபவருக்கு இவை குறைவதில்லை, கூடுகின்றன. சிவப்புக் குழி என்று சொல்லப்படும் ரெட் கிரேட்டர் விளிம்பு 1,886 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோடையிலும் அங்கே பனி பெய்யலாம். நடப்பவர் கனமான ஜாக்கெட், சூடான உடை, சாப்பாடு எல்லாம் தூக்கிக்கொண்டு வருகிறார். நீங்கள் மெல்லிய பனியனும் அரைக்கால் சட்டையும் போட்டு வியர்வையில் நனைந்து வருகிறீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் வரை உடம்புச் சூடு காப்பாற்றும். கணுக்கால் பிசகிய அடுத்த நிமிடம் நீங்கள் ஓட்டக்காரர் இல்லை, ஈர உடையோடு நொண்டி நடப்பவர். உங்கள் நான்கு மணிநேரம் ஒன்பதாகிவிடும். ஆகவே ஓடி முடிக்கும் நேரத்தை வைத்துப் பையைக் கட்டாதீர்கள். நொண்டி இறங்கும் நேரத்தை வைத்துக் கட்டுங்கள். மழை தாங்கும் மேல்சட்டையும் பேண்ட்டும், உலர்ந்த கம்பளி உள்ளாடை, தொப்பி, கையுறை, குளிரில் உடம்பை மூடிக்கொள்ளும் அவசர உறை. போன் சிக்னலை நம்பாமல், அவசர சிக்னல் அனுப்பும் பீக்கன் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீர் வழியில் கிடைக்காது, முழுக்கச் சுமக்க வேண்டும்.

வெடிப்புக்கு வருகிறேன், ஏனென்றால் அந்தப் பயமும் வீண் பயம் இல்லை. டோங்கரிரோவின் வடக்குச் சரிவில் தே மாரி என்ற வாய் இருக்கிறது. நூறு வருஷத்துக்கும் மேல் அமைதியாக இருந்தது. 2012 ஆகஸ்ட் 6 அன்று நள்ளிரவுக்குச் சற்று முன் வெடித்தது. பாறைகள் பறந்துவந்து பாதையோரம் இருந்த கெட்டெட்டாஹி குடிலின் கூரையைத் துளைத்தன. அதே வருஷம் நவம்பர் 21 மதியம் மறுபடி வெடித்தது. அப்போது பாதையில் பள்ளிக் குழந்தைகள் உட்படப் பலர் இருந்தார்கள். நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. இரண்டாவது வெடிப்புக்கு முன்னால் தெளிவான அறிகுறி எதுவும் தெரியவில்லை. சூடான நீரும் ஆவியும் பாறைக்கு அடியில் அடைபட்டு, அழுத்தம் திடீரென்று விடுபடும்போது இப்படி நடக்கும். எரிமலைக்குழம்பு மேலே வரவேண்டும் என்ற அவசியமே இல்லை. குழம்பு ஏறிவரும்போது நிலம் பெரும்பாலும் நாட்கணக்கில் அதிர்ந்து காட்டிக்கொடுக்கும். ஆவி வெடிப்புக்கு அந்தப் பொறுமை கிடையாது.

கிளம்பும் நாள் காலையில், எரிமலைகளைக் கண்காணிக்கும் ஜியோநெட் அமைப்பின் இணையதளத்தில் எச்சரிக்கை நிலையைப் பாருங்கள். 0 முதல் 5 வரை இருக்கும். பாதையின் இரு முனைகளிலும் மின்விளக்குப் பலகைகள் உண்டு. சிவப்பு எரிந்தால் திரும்பிவிட வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஓடும்போதே வெடித்தால் என்ன செய்வது? ஓட்டக்காரருக்கு முதலில் தோன்றுவது முதுகைக் காட்டி ஓடுவதுதான். அதைச் செய்யாதீர்கள். நின்று, மேலே பாருங்கள். பறந்துவரும் கல் எங்கே விழும் என்று பார்த்து விலகலாம். மேட்டுக்குப் பின்னால் ஒதுங்கிப் பையைத் தலைக்குப் பிடியுங்கள். கல்மழை ஓய்ந்த பிறகு அந்த இடத்தை விட்டு விலகுங்கள், ஆனால் பள்ளத்தாக்கின் அடிக்குள் இறங்கிவிடாதீர்கள். சேறும் சூடான சாம்பலும் அந்த வழியாகத்தான் வரும்.

நிலத்தைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு அதிக ஆசை. சாதாரண மலைக்காட்டில் பாதை என்பது ஒரு வசதி. பாதையை விட்டு நாலடி விலகினால் முள் குத்தும், அவ்வளவுதான். ஆவி வரும் நிலத்தில் பாதை என்பது கெட்டியான தரை என்று தெரிந்த இடம். அதைத் தாண்டியது தெரியாத இடம். நீங்கள் பயிற்சி செய்யும் ரோட்டோருவா பக்கம் இதை நன்றாகப் பார்க்கலாம். புல் முளைக்காத, வெளுத்த, கைவைத்தால் சூடாக இருக்கும் களிமண் தரை கண்டால் அதன்மேல் கால் வைக்கக்கூடாது. மேலே காய்ந்த பொருக்கு, கீழே கொதிக்கும் சேறு. ஓடும்போது ஒரு காலில் விழும் எடை நடப்பதைவிடச் சுமார் இரண்டு மடங்கு என்பதையும் சேர்த்து யோசியுங்கள். கந்தக வாடை வீசும் பள்ளமான இடங்களில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்காதீர்கள். அந்த வாயு காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. வாடை நின்றுவிட்டது என்பதால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை.

டோங்கரிரோவில் இது வேறு மாதிரி. மங்காடெபோபோ பக்கமிருந்து தொடங்கினால் முதலில் மரப்பலகை நடைபாதை வரும். அங்கே வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் ஆட்கள் வருகிறார்கள். முந்துவதற்காகப் பலகையை விட்டு ஈரநிலத்தில் இறங்காதீர்கள். அந்த உயரத்தில் ஒரு பாசித்திட்டு மறுபடி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். "எக்ஸ்க்யூஸ் மீ" சொன்னால் எல்லோரும் சிரித்துக்கொண்டே வழிவிடுவார்கள். அதற்கப்புறம் செங்குத்தான படிகள், பிறகு தெற்குக் குழியின் பரந்த சமவெளி. அந்தச் சமவெளியில் ஓடும் சுகத்தை எப்படிச் சொல்வது! சாம்பல் நிறத் தரை, இரண்டு பக்கமும் மலை, உங்கள் காலடிச் சத்தம். வாழ்க்கையில் ஒருமுறையாவது அதில் ஓட வேண்டும்.

சிவப்புக் குழியைத் தாண்டி இறங்கும் சரிவுதான் கடினமான இடம். துளைத்துளையான எரிமலைக் கற்கள், இரும்பு சூட்டில் ஆக்ஸிஜனோடு சேர்ந்து சிவந்தவை. பிடிப்பே இல்லாமல் காலுக்கடியில் உருளும். பயந்து பின்னால் சாய்ந்தால் சறுக்கி உட்கார்ந்துவிடுவீர்கள். உடம்பைச் சற்று முன்னால் வைத்து, குதிகாலைக் கல்லுக்குள் புதைத்து, சிறு அடிகளாக இறங்குங்கள். கணுக்காலை மூடும் கெய்ட்டர் இல்லையென்றால் பத்தடிக்கொரு முறை ஷூவைக் கழற்றிக் கல்லைக் கொட்ட வேண்டும். கீழே ஆள் இருந்தால் ஓடவே ஓடாதீர்கள். நீங்கள் உருட்டும் கல் அவர்கள் மேல்தான் போகும். அடியில் தெரியும் மரகத ஏரிகளின் நிறம், சிவப்புக் குழியின் வெந்நிலத்திலிருந்து கரைந்துவரும் தாதுக்களால் வந்தது. அமில நீர். அதில் கை நனைக்கவும் வேண்டாம் என்று அந்த மண்ணின் மக்கள் கேட்டுக்கொள்கிறார்கள்.

அந்த மக்களைப் பற்றிப் பேசாமல் ங்காவுருஹோ கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. சிகரச் சரிவு முழுக்க உருளும் கல், ஆபத்தானது, ஆகவே ஏறாதீர்கள் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். அது உண்மையும்கூட. ஆனால் காரணம் அது இல்லை. ங்காத்தி தூஃபாரெடோவா என்ற மாவோரி குலத்து மக்களுக்கு அந்த மலைகள் மூதாதையர். சிகரம் மூதாதையரின் தலை. தலைதான் உடலில் மிகப் புனிதமான பகுதி. ஒருவரின் பாட்டனார் தலைமேல் கால் வைப்பதற்குச் சட்டத்தில் தடை இருக்கிறதா என்று நாம் தேடுவோமா?

1887-இல் அவர்களுடைய தலைவர் ஹோரோனுக்கு தே ஹெயூஹெயூ, இந்தச் சிகரங்கள் துண்டுபோடப்பட்டு விற்கப்பட்டுவிடும் என்ற நெருக்கடியில் அவற்றை அரசிடம் ஒப்படைத்தார். அதிலிருந்துதான் நியூசிலாந்தின் முதல் தேசியப் பூங்கா உருவானது. அதைக் கொடை என்று சொன்னார்கள். சேர்ந்து காக்கவே கொடுத்தோம், கைகழுவி விட்டுவிடவில்லை என்பது அந்த மக்களின் நிலை. 1993-இல் உலகிலேயே முதலாவதாக, பண்பாட்டு நிலக்காட்சி என்ற தகுதியில் யுனெஸ்கோ இந்த இடத்தை ஏற்றுக்கொண்டது. நீங்கள் ஓடப்போகும் பாதை திறந்திருப்பதே அவர்கள் கொடுத்ததால்தான். கொடுத்தவர் ஒரே ஒன்றை வேண்டாம் என்று கேட்கும்போது, சட்டம் இருக்கிறதா என்று கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சிகரத்துக்குப் போகும் வழிக்குறிகளைப் பூங்கா நிர்வாகம் ஏற்கனவே எடுத்துவிட்டது.

அவர்கள் கதை ஒன்று உண்டு. ங்காடோரோயிரங்கி என்ற பூசாரி இந்த மலையில் ஏறிக் குளிரில் சாகக் கிடந்தார். தூரத்துப் பூர்விக நாட்டிலிருந்த தன் சகோதரிகளை அழைத்து நெருப்பு கேட்டார். நெருப்பு பூமிக்கடியில் பாய்ந்து வந்தது. ஃபாகாரி என்ற எரிமலைத் தீவில் தலைகாட்டியது, ரோட்டோருவாவில் தலைகாட்டியது, கடைசியில் டோங்கரிரோவில் வெளிப்பட்டு அவரைக் காப்பாற்றியது. இப்போது வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பசிபிக் தட்டு ஆஸ்திரேலியத் தட்டுக்கு அடியில் செருகும் இடத்தில், ஃபாகாரி முதல், டோங்கரிரோவுக்குத் தெற்கே இருக்கும் ருவாபெஹு எரிமலை வரை ஒரே கோட்டில் எரிமலைகளும் வெந்நீர் ஊற்றுகளும். கதை சொன்ன வழியேதான் கோடு போகிறது. நிலத்தை இவ்வளவு கூர்ந்து பார்த்த மக்கள் ஓரிடத்தில் கால் வைக்காதே என்றால், அந்தச் சொல்லுக்கு நான் காது கொடுப்பேன்.

வெள்ளியங்கிரி ஏறுவது நம் வழக்கம். நம்மிடமே இன்னொரு வழக்கமும் உண்டே தம்பி. திருவண்ணாமலையில் மலையே லிங்கம். லட்சக்கணக்கானவர்கள் அதில் ஏறாமல் 14 கிலோமீட்டர் சுற்றித்தான் வருகிறார்கள். ங்காவுருஹோவைச் சுற்றியும் ஒரு பாதை இருக்கிறது. டோங்கரிரோ நார்தர்ன் சர்க்யூட், நாற்பது கிலோமீட்டருக்கு மேல். ஃபகாபாபா கிராமத்தில் தொடங்கி வடக்கே மங்காடெபோபோ, தெற்குக் குழி, சிவப்புக் குழி, மரகத ஏரிகள், பிறகு கிழக்கே இறங்கி ஓடுரெரே, வைஹோஹோனு வழியாகத் திரும்ப வரலாம். அப்படிப் போனால் வழி நெடுக மலை உங்கள் வலது பக்கம் இருக்கும். நடப்பவர்கள் மூன்று நான்கு நாள் எடுத்துக்கொள்வார்கள். கிராஸிங்கை முதலில் ஓடுங்கள். உடம்பு பழகிய பிறகு, பகல் நீண்டிருக்கும் ஜனவரியில் இதற்குப் போங்கள். சிகரத்தில் கிடைப்பதைவிட அதிகம் அங்கே கிடைக்கும், எரிமலையின் நாலு முகமும் தெரியும்.

நண்பர்கள் அப்படியும் சிகரம் ஏறுவோம் என்று நின்றால், தெற்குக் குழியிலேயே பிரிந்துவிடுங்கள். மேலே எங்காவது காத்திருக்கிறேன் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். நனைந்த பனியனோடு அந்தக் காற்றில் அரைமணிநேரம் நிற்க முடியாது. இதை முதல் நாள் இரவே பேசி முடித்துவிடுங்கள். திரும்பும் ஷட்டில் பஸ்ஸுக்கும் தனித்தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா